பெருக்குவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆறு இடங்கள் கொண்ட ஒரு பாஸ்வேர்டு. ஒவ்வொரு இடத்திலும் 26 ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒன்றோ 10 இலக்கங்களில் ஒன்றோ வரலாம், ஆனால் மொத்தத்தில் குறைந்தது ஓர் இலக்கமாவது இருந்தே ஆக வேண்டும். அப்படி எத்தனை பாஸ்வேர்டுகள் உண்டு என்பது கணக்கு. இலக்கம் உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க 6 வழி, அங்கே எந்த இலக்கம் என்பதற்கு 10 வழி, மீதி ஐந்து இடங்களில் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் 36⁵ வழி என்று எடுத்து, மூன்றையும் பெருக்கி 3,62,79,70,560 என்று போட்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் இருக்கும் விடையோ 1,86,78,66,560. "பெருக்கல் விதிப்படிதானே செய்தேன், எங்கே தப்பு?" என்று கேட்கிறீர்கள். இந்த ஒரு கணக்கில் எங்கே தப்பு என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். பெருக்கியது சரிதானா என்று, கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல், நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் கேள்வி. பல வருடங்கள் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். "குறைந்தது ஓர் இலக்கம்" என்ற நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டால் மொத்தம் எத்தனை பாஸ்வேர்டு? ஆறு இடம், ஒவ்வொன்றிலும் 36 வழி, அதாவது 36⁶ = 2,17,67,82,336. சுமார் 217 கோடி. உங்கள் விடை 362 கோடி. நிபந்தனை போட்ட பிறகு வரும் எண்ணிக்கை நிபந்தனை இல்லாத எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கவே முடியாது இல்லையா? ஆக உங்கள் கணக்கு தப்பு என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கலாம். எந்த எண்ணிக்கைக் கணக்கிலும் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மொத்தத்தை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தப்பையும் அது பிடிக்காது, ஆனால் பெரிய தப்பைப் பிடித்துவிடும்.

இப்போது விதிக்கு வருவோம். பெருக்கல் விதி என்று தனியாக ஒன்று வானத்திலிருந்து இறங்கி வரவில்லை, அது கூட்டலின் சுருக்கம்தான். நமக்கெல்லாம் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 18 மெய்யெழுத்து, 12 உயிரெழுத்து, இரண்டும் சேர்ந்து 216 உயிர்மெய். க் என்பதிலிருந்து க, கா, கி, கீ என்று 12 கிளை பிரிகிறது, ங் என்பதிலிருந்தும் 12, ச் என்பதிலிருந்தும் 12, இப்படியே ன் வரைக்கும். 12-ஐ 18 தடவை கூட்டுகிறோம், எல்லாம் ஒரே எண் என்பதால் 18 × 12 என்று சுருக்கி எழுதுகிறோம். அவ்வளவுதான். அதே எழுத்துக் கணக்கிலேயே கூட்டல் விதியும் இருக்கிறது: ஓர் எழுத்து உயிராக இருக்கலாம், அல்லது மெய்யாக, அல்லது உயிர்மெய்யாக, அல்லது ஆய்தமாக, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்க முடியாது. அதனால் 12 + 18 + 216 + 1 = 247. "இதுவும் அதுவும்" என்றால் பெருக்கு, "இது அல்லது அது" என்றால் கூட்டு என்று வகுப்பில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் உங்கள் பாஸ்வேர்டு கணக்கில் மாட்டியது மாதிரி மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் அங்கேயும் "இடமும் இலக்கமும் மீதியும்" என்று எல்லாம் "உம்" போட்டுத்தானே இருந்தது.

சரி, 216 என்பது ஏன் சரியான விடை? இதை யாரும் கேட்பதே இல்லை. கி என்ற எழுத்தை எடுத்துப் பிரித்து எழுதுங்கள்: க் + இ. இதைத் தவிர வேறு எப்படியாவது பிரிக்க முடியுமா? முடியாது. 216 எழுத்தில் எதை எடுத்தாலும் ஒரு மெய், ஓர் உயிர், ஒரே ஒரு வழி. பெருக்கும்போது நாம் எண்ணுவது உண்மையில் எழுத்துகளை அல்ல, எழுத்தை உண்டாக்கும் வழிகளை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு வழியில் உண்டாவதால் வழிகளின் எண்ணிக்கையும் எழுத்துகளின் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தப் பொருத்தம் இருக்கும்வரை பெருக்கலாம், இல்லையென்றால் பெருக்கல் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுக்கும்போது இதைப் "பிரித்து எழுதுக" சோதனை என்றே சொல்வேன். பெயர் நான் வைத்தது, எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடாதீர்கள். முடிவான பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் போட்ட படிகளின்படி இது எத்தனை வழியில் உண்டாகியிருக்கும்?" என்று பின்னோக்கிக் கேட்பதுதான் அது.

உங்கள் கணக்குக்கு இந்தச் சோதனையைப் போட்டுப் பார்ப்போம், ஆனால் ஆறு இடம் வேண்டாம், இரண்டே இடம். (கணக்கைச் சின்னதாக்கிப் பார்க்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, நான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.) உங்கள் முறைப்படி 2 × 10 × 36 = 720. சரியான விடை 36² − 26² = 1296 − 676 = 620. நூறு அதிகம். எந்த நூறு? 47 என்ற பாஸ்வேர்டை எடுங்கள். இது உங்கள் படிகளில் எப்படி உண்டாகும்? முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே 4 வைத்து, மீதி இடத்தில் 7 விழுந்தால் 47. இரண்டாம் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே 7 வைத்து, மீதியில் 4 விழுந்தாலும் 47. ஒரே பாஸ்வேர்டு, இரண்டு வழி, ஆகவே இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டது. இரண்டு இடமும் இலக்கமாக இருப்பவை 10 × 10 = 100, அந்த நூறும்தான் கூடுதலாக வந்த நூறு. ஆறு இடத்தில் 123456 என்பது ஆறு தடவை எண்ணப்பட்டிருக்கும். "இந்த இடத்து இலக்கம்தான் நிபந்தனைக்காக வைத்தது, மற்றதெல்லாம் தற்செயலாக வந்தது" என்று உங்கள் படிகள் ஒரு வேறுபாட்டை வைக்கின்றன, முடிந்த பாஸ்வேர்டுக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்ததும் பெருக்கப் போகும் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி செய்வது எப்படி என்றால், புத்தகம் செய்திருப்பதுபோல் மொத்தத்திலிருந்து இலக்கமே இல்லாதவற்றைக் கழிப்பது ஒரு வழி: 36⁶ − 26⁶, அதாவது 2,17,67,82,336 − 30,89,15,776. இது எளிது. ஆனால் உங்கள் எண்ணத்தையே காப்பாற்றுவதற்கும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். "ஏதோ ஓர் இலக்கத்தின் இடம்" என்று தேர்ந்தெடுப்பதற்குப் பதில் "முதன்முதலாக வரும் இலக்கத்தின் இடம்" என்று மாற்றிவிடுங்கள். எந்தப் பாஸ்வேர்டுக்கும் முதல் இலக்கம் ஒன்றுதான், குழப்பத்துக்கு இடமே இல்லை. இரண்டு இட உதாரணத்தில், முதல் இடத்திலேயே இலக்கம் என்றால் 10 × 36 = 360. முதல் இடம் எழுத்து, இரண்டாம் இடத்தில்தான் முதல் இலக்கம் என்றால் 26 × 10 = 260. கூட்டினால் 620. ஆறு இடத்துக்கும் இதே மாதிரி ஆறு வகை போட்டுக் கூட்டிப் பாருங்கள், புத்தக விடை அப்படியே வரும். முதல் இலக்கத்துக்கு முன்னால் இருக்கும் இடங்களில் எழுத்து மட்டுமே வரலாம், பின்னால் எதுவும் வரலாம் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இது ஒரு பக்கம். பெருக்கலுக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. கிளைகள் சமமாகப் பிரிய வேண்டும். இதில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். "முதல் தேர்வு இரண்டாவதைப் பாதிக்கக் கூடாது" என்று எங்கோ படித்துவிட்டு, நான்கு இலக்க பின் நம்பரில் எந்த இலக்கமும் திரும்ப வரக் கூடாது என்றால் பெருக்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாகப் பெருக்கலாம்: 10 × 9 × 8 × 7 = 5040. முதலில் 3 வைத்தால் அடுத்து 3 கிடைக்காது, 8 வைத்தால் 8 கிடைக்காது, ஆக மிச்சம் இருப்பவை எவை என்பது மாறுகிறது, ஆனால் மிச்சம் எத்தனை என்பது எப்போதும் ஒன்பதுதான். எண்ணிக்கை மாறாமல் இருந்தால் போதும்.

எண்ணிக்கையே மாறும்போது என்ன செய்வது? என் வேலையில் தினமும் வரும் உதாரணம். ஒரு செயலியில் நோட்டிஃபிகேஷன் வேண்டும், வேண்டாம் என்று ஒரு சுவிட்ச், அதற்குக் கீழே ஐந்து ஒலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். புதிதாகச் சேர்ந்தவரிடம் எத்தனை நிலைகளைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால் 2 × 5 = 10 என்பார். ஆனால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டால் ஒலிப் பட்டியலே மறைந்துவிடுகிறது, அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஒரு கிளையில் 1, இன்னொரு கிளையில் 5, ஆக மொத்தம் 6. பெருக்கல் சமமான கூட்டலின் சுருக்கம் என்று சொன்னேனே, கிளைகள் சமமாக இல்லாவிட்டால் சுருக்க முடியாது, பழையபடி கூட்டத்தான் வேண்டும். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அணைக்கும்போது பழைய ஒலித் தேர்வை உள்ளே ஞாபகம் வைத்துக்கொண்டு, திரும்பப் போடும்போது அதையே காட்டும் செயலி என்றால் 10தான் சரி. எது ஒரு "நிலை" என்று முடிவு செய்வது கணிதத்தின் வேலை அல்ல, அதை நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில சமயம் கிளைகள் சமமில்லாமல் போவதற்குக் காரணம் கணக்கு அல்ல, நாம் ஆரம்பித்த இடம். மூன்று இலக்க எண், இரட்டைப்படை, இலக்கங்கள் திரும்பக் கூடாது என்று ஒரு கணக்கு. இடப்பக்கமிருந்து போனால் முதல் இலக்கத்துக்கு 9 வழி (0 கூடாது), இரண்டாவதற்கு 9 வழி, மூன்றாவதற்கு? முன்னால் இரட்டை இலக்கங்கள் எத்தனை செலவாகிவிட்டன என்பதைப் பொறுத்து மூன்று, நான்கு, ஐந்து என்று ஆடும். அங்கே நின்றுவிடுவோம். அதிகக் கட்டுப்பாடு உள்ள இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடைசி இலக்கம் 0 என்றால் முன்னால் 9 × 8 = 72. கடைசி இலக்கம் 2, 4, 6, 8 இல் ஒன்று என்றால் 4 வழி, நூறாம் இடத்துக்கு 8 (0-வும் கூடாது, வைத்துவிட்டதும் கூடாது), பத்தாம் இடத்துக்கு 8, ஆக 256. மொத்தம் 328. சரிபார்க்க வேண்டுமென்றால், இலக்கம் திரும்பாத மூன்று இலக்க எண்கள் 9 × 9 × 8 = 648, அதில் ஒற்றைப்படை 5 × 8 × 8 = 320, கழித்தால் அதே 328. கவனித்தீர்களா, ஒற்றைப்படைக்கு வகை பிரிக்கவே தேவைப்படவில்லை, ஏனென்றால் தொல்லை கொடுக்கும் அந்த 0 ஒற்றைப்படை இல்லை.

எங்கிருந்து ஆரம்பித்தாலும் மசியாத கணக்குகளும் உண்டு. 4 × 4 கட்டத்தில் 1 முதல் 4 வரை, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வர வேண்டும். முதல் வரிசைக்கு 24 வழி. 1234 என்று வைத்துவிட்டால், இரண்டாவது வரிசையில் எந்த இடத்திலும் மேலே இருப்பது வரக் கூடாது, அதற்கு 9 வழி. இதுவரை சரி. மூன்றாவது வரிசை? இரண்டாவது வரிசை 2143 என்றால் மூன்றாவதற்கு 4 வழி கிடைக்கிறது, 2341 என்றால் 2 வழிதான். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அந்த 9 இல் 3 முதல் ரகம், 6 இரண்டாம் ரகம், நான்காவது வரிசை தானாக விழுந்துவிடும். ஆக 24 × (3 × 4 + 6 × 2) = 576. நான்குக்கே இப்படி என்றால் 9 × 9 சுடோகுவுக்கு? 2005இல் ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ் என்ற இருவர் கம்ப்யூட்டரை வைத்துத்தான் அதை எண்ணினார்கள். விடை 22 இலக்க எண், 667-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட அளவு. பெருக்கல் விதி அங்கேயும் பல படிகளில் உதவியது, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்க முடியவில்லை. ஆகவே எல்லாக் கணக்கும் ஒரு வரிப் பெருக்கலுக்கு அடங்கும் என்று எதிர்பார்த்து, அடங்காதபோது உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

வரிசை முக்கியமா இல்லையா என்பது அடுத்த பிரச்சினை, பலருக்கு வரிசை மாற்றம், சேர்வு என்ற பெயர்களைக் கேட்டாலே வரும் கலக்கம். ஐந்து பேரில் ஒரு தலைவர், ஒரு செயலாளர் என்றால் 5 × 4 = 20. ஐந்து பேரில் சும்மா இரண்டு பேர் என்றால் 10. பிரித்து எழுதிப் பார்த்தால் காரணம் தெரியும்: "அமுதாவும் பாரியும்" என்ற ஜோடி, அமுதா முதலில் பாரி இரண்டாவது, பாரி முதலில் அமுதா இரண்டாவது என்று இரண்டு வழியில் உண்டாகியிருக்கிறது. எல்லா ஜோடியும் சரியாக இரண்டு தடவை எண்ணப்பட்டிருப்பதால் இரண்டால் வகுக்கலாம். இந்த "எல்லாமும் சரிசமமான தடவை எண்ணப்பட்டிருக்கின்றன" என்பதுதான் உயிர்நாடி. உங்கள் பாஸ்வேர்டு கணக்கில் ஏன் வகுத்துச் சரிசெய்ய முடியாது என்றால், ஓர் இலக்கம் உள்ளவை ஒரு தடவையும், இரண்டு இலக்கம் உள்ளவை இரண்டு தடவையும், ஆறு உள்ளவை ஆறு தடவையும் எண்ணப்பட்டிருக்கின்றன. எதால் வகுப்பீர்கள்?

இதில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான்கு பேரை இரண்டு ஜோடியாகப் பிரிக்க எத்தனை வழி என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். நான்கில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க 6 வழி, மீதி இரண்டு பேர் தானாக இன்னொரு ஜோடி, ஆக 6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், மூணுதான் சார் வருது" என்றான். நோட்டின் ஓரத்தில் நான்கு எழுத்தை எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தான். ஒருவனுக்கு ஜோடி யார் என்று முடிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது, அதற்கு மூன்றே வழி. நான் ஒவ்வொரு பிரிவினையையும் "முதல் ஜோடி", "இரண்டாம் ஜோடி" என்று மனசுக்குள் பெயர் வைத்து இரண்டு தடவை எண்ணியிருந்தேன். இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஜோடிகளில் ஒன்று சிவப்பு அணி, இன்னொன்று நீல அணி என்று கேள்வியில் இருந்திருந்தால் 6தான் சரி.

ஆக, எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துச் சொல்வதானால், மேலே சொன்ன இரண்டு நிபந்தனையும் (ஒரே வழியில் பிரிவது, கிளைகள் சமமாக இருப்பது) நிறைவேறினால் பெருக்கல் சரி. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, நிரூபணமே மூன்று வரிதான். சந்தேகம் எல்லாம் கேள்வியின் மொழியில் இருக்கிறது. "நான்கு இலக்க எண்" என்றால் 0-வில் ஆரம்பிக்கக் கூடாது, 9000. "நான்கு இலக்க பின்" என்றால் 0007-உம் உண்டு, 10,000. "மூன்று பந்துகளை இரண்டு பெட்டியில் போட எத்தனை விதம்" என்று கேட்டால், பந்துகளுக்கு வேறுவேறு நிறம், பெட்டிகளும் வேறுவேறு என்றால் 8. பந்துகள் எல்லாம் ஒரே மாதிரி, பெட்டிகள் மட்டும் வேறு என்றால் 4. பெட்டிகளும் ஒரே மாதிரி என்றால் 2. கேள்வி எழுதியவர் இதைச் சொல்லவில்லையென்றால் உங்கள் விடை தப்பென்று யாரும் சொல்ல முடியாது. எதை வேறாக எடுத்துக்கொண்டீர்கள் என்பதை ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். பரீட்சையில் மார்க் கிடைக்குமா என்பது திருத்துபவரைப் பொறுத்தது, நான் திருத்தும்போது கொடுப்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. எண்ணிக்கை வேறு, வாய்ப்பு வேறு. மூன்று பகடை உருட்டினால் 6 × 6 × 6 = 216 (உயிர்மெய்யும் 216, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான்). கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்க்கை உண்டு, 10 வரவும் ஆறு சேர்க்கைதான். ஆனாலும் 10 கொஞ்சம் அதிகமாக விழுகிறதே, ஏன் என்று சூதாடிகளுக்கு வந்த சந்தேகத்தை 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலிலியோ தீர்த்து எழுதினார். 1, 2, 6 என்ற சேர்க்கை பகடைகளில் 6 விதமாக விழும், 3, 3, 3 என்பது ஒரே விதமாகத்தான் விழும். அப்படி எண்ணினால் 9-க்கு 25 வழி, 10-க்கு 27 வழி. சேர்க்கைகளை எண்ணினால் சமம், வழிகளை எண்ணினால் சமமில்லை, பகடைக்குத் தெரிந்தது வழிகள்தான். பாஸ்வேர்டுக்கும் இது பொருந்தும். 186 கோடி சாத்தியம் என்பதால் உங்கள் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க 186 கோடியில் ஒரு வாய்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள், மனிதர்கள் பெயரையும் பிறந்த தேதியையும்தான் வைக்கிறார்கள், திருடுபவர்களும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இந்த விதி எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரெயில் எழுத்தில் ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் மேடாக இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம், 2⁶ = 64, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தை விட்டால் 63. டிஎன்ஏவில் நான்கு வகை எழுத்து, புரதத்தில் 20 வகை அமினோ அமிலம்: இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தால் 16தான் கிடைக்கும், போதாது, மூன்று மூன்றாகப் படித்தால் 64. உயிரணுவும் மூன்று மூன்றாகத்தான் படிக்கிறது. 1150 வாக்கில் பாஸ்கராச்சாரியார் லீலாவதி என்ற தன் கணித நூலில் சிவனுக்குப் பத்துக் கை, பத்துப் பொருள், மாற்றி மாற்றிப் பிடித்தால் எத்தனை உருவம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 10 × 9 × 8 என்று 1 வரை பெருக்கினால் 36,28,800.

கடைசியாக நீங்கள் கேட்ட துணைக்கேள்வி, "சரியாக இரண்டு இலக்கம்" என்றால் என்ன செய்வது. இலக்கம் உட்காரும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க 15 வழி (6 × 5 / 2), அந்த இடங்களை இலக்கத்தால் நிரப்ப 100 வழி, மீதி நான்கு இடத்தில் எழுத்து மட்டும், 26⁴ = 4,56,976 வழி. பெருக்கினால் 68,54,64,000. இங்கே பெருக்கல் செல்லும், ஏனென்றால் முடிந்த பாஸ்வேர்டைப் பார்த்தாலே எந்த இரண்டு இடம் இலக்கம் என்று தெரிந்துவிடுகிறது, பிரிக்க ஒரே வழிதான். இதே மாதிரி ஓர் இலக்கம் உள்ளவை 71,28,82,560, மூன்று உள்ளவை 35,15,20,000, நான்கு 10,14,00,000, ஐந்து 1,56,00,000, ஆறு 10,00,000. ஆறையும் கூட்டுங்கள், புத்தகத்தின் 1,86,78,66,560 வரும். இப்போது முதலாவதை 1-ஆலும், இரண்டு இலக்கம் உள்ளவற்றை 2-ஆலும், மூன்றை 3-ஆலும் இப்படியே ஆறு வரை பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் 3,62,79,70,560 ஒன்றுகூட மாறாமல் வந்து நிற்கும். ஆக நீங்கள் எண்ணியது பாஸ்வேர்டுகளை அல்ல, ஏதாவது ஓர் இலக்கத்துக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்ட பாஸ்வேர்டுகளை. அந்தக் கேள்விக்கு உங்கள் விடை மிகச் சரி.